வயிறு காலியாகட்டும், அப்புறம் குளிர்: கார்ன் ஸ்நேக்கைக் குளிர்கால உறக்கத்துக்குத் தயார் செய்வது

அக்டோபர் வந்துவிட்டால், இனப்பெருக்கத்துக்காகப் பாம்பைச் சில வாரம் குளிரில் உறங்க வைக்கிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை டிகிரியில் வைப்பது என்பதுதான். அதற்குப் பதில் சுலபம். வீட்டில் வளர்க்கிற அமெரிக்கப் பாம்பான கார்ன் ஸ்நேக் என்றால் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ், 12 அல்லது 13-ல் நின்றால் நிம்மதி. ஆனால் குளிரில் பாம்பு செத்துப்போன கதைகளைக் கேட்டுப் பார்த்தால் டிகிரியில் கோட்டை விட்டவர்களைவிட, வயிற்றில் எலி இருக்கும்போதே குளிருக்கு அனுப்பியவர்கள், லேசாகச் சளி பிடித்திருந்த பாம்பைத் தூங்கினால் சரியாகிவிடும் என்று உள்ளே வைத்தவர்கள், இவர்கள் கதைதான் திரும்பத் திரும்ப வரும். அதனால் குளிரைப் பற்றி இங்கே கொஞ்சமாகவும், குளிருக்கு முந்தைய வாரங்களைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

நான் இருப்பது கனடாவில், ஒன்டாரியோவில், வளர்ப்பது கார்ன் ஸ்நேக். அதை வைத்தே சொல்கிறேன். கலிஃபோர்னியா கிங் ஸ்நேக், அமெரிக்க ரேட் ஸ்நேக் வகைகளுக்கும் ஏறக்குறைய இதே முறைதான். பால் பைத்தான் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே கடந்து போய்விடுங்கள், அது மேற்கு ஆப்பிரிக்க வெப்பத்துப் பாம்பு, 12 டிகிரியில் வைத்தால் நுரையீரல் நோய் வந்து செத்துப்போகும். போவா கன்ஸ்ட்ரிக்டருக்கும் அதே கதை. ஹோண்டுரன் மில்க் ஸ்நேக் மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தது, அதற்கும் இவ்வளவு குளிர் வேண்டாம். பாம்பின் பூர்வீகம் எது, அங்கே ஜனவரி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளாமல் யாரோ சொன்ன டிகிரியை அப்படியே எடுத்து வைக்காதீர்கள்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாரையோ கொம்பேறி மூக்கனோ நல்ல பாம்போ, நம் நாட்டுப் பாம்பு எதையும் பிடித்து வீட்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டுச் சமவெளிப் பாம்புகளுக்கு இந்த மாதிரி உறக்கம் தேவையும் கிடையாது. இங்கே சொல்வதெல்லாம் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த வெளிநாட்டுப் பாம்புக்கு, அதுவும் உங்கள் ஊர்ச் சட்டம் அதை வளர்க்க விட்டால் மட்டும்.

எதற்கு இந்தக் குளிர்?

கார்ன் ஸ்நேக்கின் சொந்த ஊர் அமெரிக்காவின் தென்கிழக்குப் பக்கம். வடக்கே நியூ ஜெர்சியில் ஆரம்பித்துத் தெற்கே ஃபுளோரிடா கீஸ் தீவுகள் வரை உண்டு. நியூ ஜெர்சிப் பாம்பு குளிர்காலம் முழுக்க மரவேர்ப் பொந்திலோ பாறை இடுக்கிலோ மண்ணுக்கடியில் கிடக்கும். தெற்கு ஃபுளோரிடாவில் இருப்பது ஜனவரியிலும் வெயில் அடித்தால் வெளியே வந்து உலாவும். ஒரே இனம்தான், ஆனால் குளிர்காலம் வேறு வேறு. அதனால்தான் கார்ன் ஸ்நேக் குளிர் உறக்கமே இல்லாமலும் முட்டை போடும். நிறையப் பேர் அப்படியே செய்கிறார்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை. அப்படியானால் எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்டால், ஆணும் பெண்ணும் ஒரே நேரத்தில் தயாராவதற்குத்தான். ஆணின் விந்து கோடைக்காலக் கடைசியிலேயே உருவாகி உடம்பில் சேமிப்பாக இருக்கும், பெண்ணுக்குக் குளிர் முடிந்து சூடு திரும்பி இரை எடுக்க ஆரம்பித்த பிறகுதான் முட்டைக் கரு பருக்கத் தொடங்கும். நடுவில் வருகிற குளிர்தான் இரண்டு கடிகாரத்தையும் ஒன்றாக வைக்கிறது. குளிர்காலம் முழுக்கச் சூட்டிலேயே வைத்த ஆண்களோடு சேர்த்தால் கூமுட்டை அதிகம் வருகிறது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், எனக்கும் அதில் ஓரளவு நம்பிக்கை உண்டு.

இயற்கையில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆசை என்றால் கனடாவிலேயே ஓர் இடம் இருக்கிறது, மனிடோபா மாகாணத்தில் நார்சிஸ் என்ற ஊர்ப் பக்கம். அங்கே சுண்ணாம்புப் பாறைக் குழிகளுக்குள் பல்லாயிரக்கணக்கான கார்ட்டர் பாம்புகள் உறைபனி எட்டாத ஆழத்தில் ஒன்றாகக் கிடந்து, ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வெளியே வரும். ஆண்கள் முதலில் வந்து வாசலிலேயே காத்திருக்கும், பெண்கள் பிறகு ஒன்றொன்றாக வரும். வீட்டில் வளர்க்கும் சிலர் ஆணை ஒரு வாரம் முன்னதாகச் சூட்டுக்குக் கொண்டுவருவது இதைப் பார்த்துத்தான். கார்ன் ஸ்நேக்குக்கு அது கட்டாயம் இல்லை, செய்தாலும் நஷ்டம் இல்லை.

யாரை அனுப்பலாம், யாரை அனுப்பக் கூடாது

பெண்ணுக்கு வளர்ப்பவர்களிடையே மூன்று-மூன்று-மூன்று என்று ஒரு கணக்கு உண்டு: 3 வயது, 3 அடி நீளம், 300 கிராம் எடை. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். வயது இருக்கிறது, எடை 260 தான் என்றால் இந்த வருஷம் விடுங்கள், ஒரு வருஷத்தில் ஒன்றும் குடி முழுகிவிடாது. சின்ன உடம்பில் முட்டை சிக்கிக்கொண்டால் அறுவைச் சிகிச்சை வரை போகும், பாம்பும் பிழைக்காமல் போகலாம். ஆணுக்கு இவ்வளவு கறார் வேண்டாம், இரண்டு வயதும் நல்ல உடம்பும் இருந்தால் போதும்.

குட்டிகளை அனுப்ப வேண்டாம். போன கோடையில் முட்டை போட்டு இன்னும் பழைய எடைக்குத் திரும்பாத பெண்ணையும் வேண்டாம். வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத பாம்பை வேண்டவே வேண்டாம், அது உடம்பில் என்ன கொண்டுவந்திருக்கிறது என்றே உங்களுக்கு இன்னும் தெரியாது. குளிரில் பாம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்து படுத்துவிடும், ஆனால் சில கிருமிகள் அந்தக் குளிரிலும் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கும். சூட்டில் இருக்கும்வரை அடங்கிக் கிடந்த சின்னத் தொற்று, ஜனவரியில் நீங்கள் டப்பாவைத் திறக்கும்போது நிமோனியாவாக நிற்கும்.

அதனால் செப்டம்பரிலேயே ஒரு முறை முழுதாகப் பரிசோதித்து விடுங்கள். கையில் எடுத்து, விளக்கு வெளிச்சத்தில், தலையில் இருந்து வால் வரை. மூக்குத் துவாரத்தில் குமிழி இருக்கிறதா, வாயோரம் ஈரமாக எச்சில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காதருகில் பிடித்தால் மூச்சில் விசில் மாதிரியோ சொடுக்குவது மாதிரியோ சத்தம் வருகிறதா என்று கேளுங்கள், சட்டை உரிக்கப் போகும் நேரத்தில் லேசாக விசில் வருவது சகஜம், உரித்த பிறகும் வந்தால் சகஜம் இல்லை. பாம்புக்கு நம்மை மாதிரி நன்றாக இருமிச் சளியைத் தள்ள முடியாது, அதனால் உள்ளே சேர்ந்தது உள்ளேயே இருக்கும். கண்ணைச் சுற்றி, தாடைக்கு அடியில் இருக்கும் மடிப்பில் கறுப்பு மிளகுப் பொடி தூவின மாதிரி ஏதாவது நகர்ந்தால் அது உண்ணி, அதை ஒழித்துக் கட்டாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். கடைசியாக, புது எச்சம் கிடைத்த அன்றே அதை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் ஒட்டுண்ணிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நாய் பூனை மட்டும் பார்க்கிற டாக்டரிடம் போனால் இரண்டு பேருக்கும் சங்கடம்.

உடம்பு தேற்றுவது பற்றி இரண்டு கட்சி உண்டு. குளிருக்கு முன்னால் திணித்துத் திணித்துக் கொழுக்க வைக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. நான் அந்தக் கட்சியில் இல்லை. 13 டிகிரியில் பாம்பு செலவழிக்கிற கொழுப்பு ரொம்பக் குறைவு, ஆரோக்கியமான பாம்பு மூன்று மாதம் கழித்து வரும்போது பார்த்தால் மெலிந்த மாதிரியே தெரியாது. கொழுத்த பெண்ணுக்குத்தான் முட்டை சிக்குகிற பிரச்சினை அதிகம். நடு உடம்பை விரலால் வளைத்துப் பிடித்தால் உருண்டையாக இருக்க வேண்டும், முதுகெலும்பு கத்தி முனை மாதிரி துருத்தக் கூடாது, வாலுக்கு முன்னால் கொழுப்பு மடிப்பு மடிப்பாகத் தொங்கவும் கூடாது. அந்த அளவில் இருந்தால் கோடையில் கொடுத்த அதே இரையை அதே இடைவெளியில் கொடுத்துக்கொண்டிருங்கள்.

கடைசி இரையும் அதற்குப் பிறகும்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான பகுதி. பாம்புக்குச் சொந்தமாக உடல் சூடு கிடையாது, செரிமானம் நடப்பதற்கு வெளிச் சூடு வேண்டும். 28, 29 டிகிரியில் நாலைந்து நாளில் கரைந்துவிடுகிற எலி, 13 டிகிரியில் கரையவே கரையாது, அப்படியே வயிற்றுக்குள் அழுகும். அழுகினால் வாயு சேரும், விஷம் ரத்தத்தில் ஏறும், பாம்பு கக்கும் அல்லது கக்கக்கூட முடியாமல் சாகும். இத்தனைக்கும் தடுப்பு ரொம்ப எளிது. கடைசி இரைக்கும் குளிர் ஆரம்பிக்கிற நாளுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு வாரம், மூன்று என்றால் இன்னும் நல்லது.

இங்கே பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. இரையை நிறுத்திய அன்றே கூண்டுக்குச் சூடு கொடுக்கிற ஹீட் மேட்டையும் அணைத்துவிடுவார்கள், அது கூடாது. இரை நிறுத்திய அந்த இரண்டு மூன்று வாரமும் கூண்டின் சூட்டுப் பக்கம் வழக்கம்போல 28, 29 டிகிரியில் இருக்க வேண்டும், தண்ணீர் நிறைய இருக்க வேண்டும். சூடு இருந்தால்தான் குடல் வேலை செய்து காலியாகும். நாள் கணக்கை மட்டும் நம்பாமல் எச்சத்தையும் எண்ணுங்கள். கடைசி இரைக்குப் பிறகு ஒரு முறை கழித்துவிட்டது, அத்துடன் முடிந்தது என்று நினைக்கிற நேரத்தில் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை கழிக்கும். முதலில் வருவது கறுப்பும் பழுப்புமாக எலி முடியோடு இருக்கும், பிறகு வருவதில் வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி யூரேட், அதாவது பாம்பின் சிறுநீர்க் கழிவு மட்டும் தனியாக வர ஆரம்பிக்கும். அந்த வெள்ளை மட்டும் வருவதைப் பார்த்தால் குடல் காலி என்று ஓரளவு தைரியமாக இருக்கலாம். வயிற்றுப் பக்கம் விரலை மெதுவாக ஓட்டிப் பார்த்தாலும் வாலுக்கு முன்னால் கட்டியாக ஏதாவது நிற்கிறதா என்று தெரியும்.

கட்டி நிற்கிறது, கழிக்கவே இல்லை என்றால் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், 28 டிகிரிக்கு மேல் போகாமல், பாம்பின் உடம்புத் தடிமனில் பாதி அளவுக்கு ஊற்றி, மூடி போட்டு அரை மணி நேரம் விடுங்கள். பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். மூடியில் காற்றோட்டம் இருக்கட்டும், பக்கத்திலேயே இருங்கள்.

கடைசி இரை பெரிதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள், வழக்கத்தைவிட ஒரு அளவு சின்ன எலியாகக் கொடுத்து முடியுங்கள். ஆண்கள் நவம்பர் வந்ததும் சூட்டில் இருக்கும்போதே தானாக இரையை ஒதுக்குவது உண்டு. அதற்காகப் பதறி வேறு வேறு எலி வாங்கிப் போட்டுக் கெஞ்ச வேண்டாம், உங்கள் வேலையை அது சுலபமாக்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்தில் கண் பால் பூத்த மாதிரி மங்கி, வயிற்றுச் செதில் ரோஜா நிறமாகித் தெரிந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். உரித்து முடிக்கும்வரை குளிரைத் தள்ளிப் போடுங்கள். குளிரில் பாதி உரித்து நின்றால் பழைய தோல் கண்ணிலும் வால் நுனியிலும் இறுக்கிக்கொள்ளும்.

இடமும் டப்பாவும்

வட அமெரிக்க வீடுகளில் பேஸ்மென்ட் இருப்பது இதற்கு ஒரு வரப்பிரசாதம். ஹீட்டர் காற்று வராத மூலை, வெளிச்சுவரை ஒட்டின குளிர் அறை, படிக்கட்டுக்கு அடியில், இப்படி ஏதாவது ஓர் இடம் ஜனவரியில் 12, 14 டிகிரியில் தானாகவே நிற்கும். ஆனால் நிற்கும் என்று நம்பி வைக்காதீர்கள், பாம்பை வைப்பதற்கு ஒரு மாதம் முன்னால் வெறும் டப்பாவுக்குள் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைக்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள், சென்சார் வயரை டப்பாவுக்குள் விடுங்கள். சுவரில் மாட்டினது சுவரின் சூட்டைத்தான் சொல்லும். சிமென்ட் தரைக்கும் இடுப்பு உயர அலமாரிக்கும் சில டிகிரி வித்தியாசம் இருக்கும், தரையில்தான் வைக்க வேண்டும் என்றால் அடியில் தெர்மாக்கோல் பலகை போட்டுவிடுங்கள்.

காரேஜ் வேண்டாம். ஒன்டாரியோவில் ஒரு நாள் 5 டிகிரி, மறுநாள் ராத்திரி மைனஸ் 20 என்று இறங்கும், அதற்குள் சின்ன ஹீட்டர் வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் மின்சாரம் போகிற அன்று பாம்பும் போகும். கீழே இறங்குவது மட்டுமல்ல, மேலே ஏறுவதும் கெடுதல். 18, 20 டிகிரியில் பாம்பு விழித்துக்கொண்டு அலையும், வயிற்றில் இரை இல்லாமல் கொழுப்பை எரிக்கும், ஆனால் இரை கொடுத்துச் செரிக்க வைக்கிற அளவுக்குச் சூடும் இருக்காது. தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை என்கிற அந்த நடு நிலைதான் பாம்பை மெலிய வைக்கிறது. ஒரே மாதிரி நிற்கிற 14, ஏறி இறங்குகிற 11-ஐ விட எவ்வளவோ மேல்.

அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு ஒயின் கூலர் ஒரு நல்ல வழி. அது 10-க்கும் 18-க்கும் நடுவில் நிற்பதற்கென்றே செய்த பெட்டி, பழைய சாமான் விற்கிற இடங்களில் மலிவாகவும் கிடைக்கும். கதவு ரப்பர் இறுக்கமாக மூடும் என்பதால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தரம் கதவைத் திறந்து காற்று மாற விடுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜை மட்டும் தொடாதீர்கள். 4 டிகிரி கார்ன் ஸ்நேக்குக்கு ஆபத்தான குளிர், பாம்பின் உடம்பில் சால்மோனெல்லா இருக்கக்கூடும் என்பதால் சமையல் சாமானோடு சேர்க்கவும் கூடாது, தவிர கறிவேப்பிலைக் கட்டுக்குப் பக்கத்தில் பாம்பு டப்பாவைப் பார்த்த பிறகு வீட்டில் யாரும் உங்களோடு பேச மாட்டார்கள்.

டப்பா பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பாம்பு சுருண்டு படுத்து, திரும்பி, தண்ணீர்க் கிண்ணம் வரை போகிற அளவு போதும், 15 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி தாராளம். பக்கவாட்டில் பென்சில் தடிமனைவிடச் சின்னதாக நாலு பக்கமும் துளை போடுங்கள், மூடியைக் கிளிப்போடு சேர்த்து ஒரு பட்டையும் போட்டு இறுக்குங்கள். குளிரிலும் கார்ன் ஸ்நேக் மூடியைத் தள்ளிப் பார்க்கும், மெதுவாகத் தள்ளும், ஆனால் தள்ளும். உள்ளே ஆஸ்பென் மரச்சீவல் நாலு விரல் உயரத்துக்கு. தேவதாரு வகைச் சீவல் கூடவே கூடாது, அதன் எண்ணெய் பாம்புக்கு நஞ்சு. தண்ணீர்க் கிண்ணம் கனமாக, கவிழாததாக இருக்கட்டும், பாதி மட்டும் ஊற்றுங்கள். ஈரமும் குளிரும் சேர்ந்தால் வயிற்றுச் செதில் அழுகும். ஒரு டப்பாவுக்கு ஒரு பாம்பு, இதில் பேச்சே இல்லை. கிங் ஸ்நேக்கை ஜோடியாக வைத்தால் வசந்தத்தில் ஒன்றுதான் இருக்கும்.

குளிர் இறங்குவது

குடல் காலி, சட்டை உரித்தாகிவிட்டது, எடை எழுதி வைத்தாகிவிட்டது. சமையலறை டிஜிட்டல் தராசு போதும், ஆனால் பாம்புக்கென்று தனியாக ஒன்று வாங்கிவிடுங்கள். இனி இரண்டு வாரத்தில் மெதுவாக இறக்கலாம். முதலில் ராத்திரி மட்டும் ஹீட் மேட்டை அணையுங்கள், விளக்கு நேரத்தை 12 மணியில் இருந்து 8-க்குக் குறையுங்கள். நாலைந்து நாள் கழித்துப் பகலிலும் அணைத்து அறை வெப்பநிலையில், அதாவது 20, 21-ல் விடுங்கள். பிறகு ஜன்னலோரமோ படிக்கட்டோ, 17 டிகிரி இருக்கிற ஏதாவது இடத்தில் சில நாள். அப்புறம் கடைசி இடம். தெர்மோஸ்டாட்டை வைத்துத் துல்லியமாக நாளுக்கு ஒரு டிகிரி என்று இறக்குபவர்களும் உண்டு, அவ்வளவு தேவையில்லை, ஒரே நாளில் 29-ல் இருந்து 12-க்குத் தூக்கிப் போடாமல் இருந்தால் சரி.

எப்போது ஆரம்பிப்பது? என் கணக்கு டிசம்பர் முதல் வாரம் உள்ளே, பிப்ரவரி கடைசியில் வெளியே. கார்ன் ஸ்நேக்குக்கு 8 வாரமே போதும், 12 வாரத்தைத் தாண்டுவதில் லாபம் எதுவும் இல்லை. முதல் தடவை செய்பவர்கள் 8 வாரத்தோடு நிறுத்துங்கள்.

உள்ளே போன பிறகு வாரம் ஒரு தரம் பார்ப்பது போதும். தினமும் திறந்து பார்க்கிற ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். வெளிச்சம் படாமல் துணி போட்டு மூடி வையுங்கள், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதிர்வு அதைத் தூங்க விடாது. வாரம் ஒரு தரம் தண்ணீர் மாற்றும்போது அதே குளிர்ச்சியில் இருக்கிற தண்ணீரை ஊற்றுங்கள். இது கரடித் தூக்கம் இல்லை, பாம்பு நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கும், இடம் மாறிப் படுக்கும். கையில் எடுத்தால் கல் போலக் குளிர்ந்திருக்கும், உடம்பு தளர்ந்து தொங்காமல் விரலை மெதுவாகச் சுற்றும், கொஞ்ச நேரம் கழித்து நாக்கு வெளியே வந்து, காற்றில் அப்படியே ஒரு கணம் நின்று, நிதானமாக உள்ளே போகும். இந்த அளவு அசைவு இருந்தால் எல்லாம் சரி. தொட்டும் அசையவே இல்லை, நாக்கு வரவே இல்லை என்றால் முதலில் தெர்மாமீட்டரைப் பாருங்கள், இடம் 8 டிகிரிக்குக் கீழே போயிருக்கலாம்.

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தரம் எடை. ஆரோக்கியமான பாம்பு சில சதவீதம்தான் இழக்கும். 10 சதவீதம் போய்விட்டது என்றால், அதாவது 500 கிராம் பாம்பு 450-க்கு வந்துவிட்டது என்றால், இந்த வருஷம் அத்துடன் முடிந்தது, வெளியே எடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே நாள் கணக்கில் படுத்திருந்தால் ஒன்று உண்ணி, இல்லை இடம் காய்ந்து கிடக்கிறது, இல்லை சூடு அதிகம். தலையை மேல் நோக்கித் தூக்கி வைத்து வாயைத் திறந்து மூச்சு விட்டால் அது நுரையீரல் பிரச்சினை, ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். அறை வெப்பநிலைக்குக் கொண்டு வந்து, மறுநாள் ஹீட் மேட்டில் வைத்து, டாக்டரிடம் கொண்டு போங்கள். பயத்தில் நேராகச் சூட்டு விளக்கின் கீழே வைத்துவிடாதீர்கள், குளிர்ந்த உடம்புக்குத் திடீர்ச் சூடும் ஒரு அடிதான்.

வெளியே வந்ததும்

இறக்கின அதே வரிசையைத் திருப்பிப் போடுங்கள், ஒரு வாரம் போதும். முதல் நாளே நல்ல தண்ணீர் வையுங்கள், சில பாம்புகள் முகத்தை முக்கி நிமிஷக் கணக்கில் குடிக்கும். சூடு முழுதாகத் திரும்பி நாலைந்து நாள் ஆன பிறகு முதல் இரை, வழக்கத்தில் பாதி அளவு எலி. இரண்டு மாதம் சும்மா இருந்த குடல் மறுபடி வேலைக்கு வர வேண்டும், பெரிய எலியைக் கண்டதும் ஆவலாக விழுங்கிவிட்டு மூன்றாம் நாள் கக்கும். முதல் எச்சம் ஒழுங்காக வந்த பிறகு வழக்கமான அளவுக்குப் போகலாம். பெண்ணுக்கு இந்த மாதம் கொஞ்சம் தாராளமாக, ஐந்தாறு நாளுக்கு ஒரு இரை கொடுங்கள், முட்டைக் கரு உருவாகிற நேரம் இது. ஆண் ஒன்றிரண்டு இரை எடுத்துவிட்டு மறுபடி ஒதுக்கினால் கவலை வேண்டாம், அதன் நினைப்பு வேறு இடத்தில்.

பெண் வெளியே வந்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் சட்டை உரிக்கும். அதுதான் ஆணோடு சேர்க்கிற நேரம். உரித்து ஓரிரு நாளில் ஆணின் கூண்டுக்குள் பெண்ணை விடுங்கள். பெண்ணின் தோலில் இருந்து வருகிற வாசனையை வைத்தே ஆண் புரிந்துகொள்ளும், பெண்ணின் முதுகின் மேல் துள்ளித் துள்ளி ஊர்ந்து போகும். பெண் வாலைப் பலமாக உதறிக்கொண்டு கூண்டைச் சுற்றிச் சுற்றி ஓடினால் இன்னும் நேரம் வரவில்லை, பிரித்துவிட்டு மூன்று நாள் கழித்து மறுபடி விடுங்கள். இரண்டும் சும்மா படுத்துக் கிடந்தால் ராத்திரி முழுக்க அப்படியே விட்டு வைக்காமல் பிரித்துவிடுங்கள்.

ஆனால் இந்த இடத்துக்கு வருவதற்கு முன்னாலேயே, அதாவது அக்டோபரிலேயே, ஒன்றை யோசித்திருக்க வேண்டும். ஒரு கார்ன் ஸ்நேக் 10 முதல் 30 முட்டை வரை போடும், 27, 28 டிகிரியில் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பொரியும். ஆகஸ்ட் மாதம் உங்கள் கையில் இருபது குட்டி இருக்கும், ஒவ்வொன்றும் தனித் தனி டப்பா கேட்கும், ஒவ்வொன்றும் இன்னும் முடி முளைக்காத எலிக்குஞ்சு கேட்கும், அதில் நாலைந்து சாப்பிடவே மறுக்கும். சாதாரண நிறக் குட்டிகளை இப்போது சும்மா கொடுத்தால்கூட வாங்க ஆள் தேட வேண்டியிருக்கிறது. யாரிடம் கொடுப்பது என்று பத்துப் பேர் பெயராவது கையில் இல்லை என்றால் இந்த வருஷம் பாம்பை அதன் போக்கில் சூட்டிலேயே விட்டுவிடுங்கள். குளிர் உறக்கம் இனப்பெருக்கத்துக்கு மட்டும்தான், வெறும் செல்லப் பாம்புக்கு அது வேண்டியதே இல்லை.